விடப்படாத குத்து

2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘தி டிரையல் ஆஃப் தி சிகாகோ 7’ படத்தில் ஒரு கட்டம். முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க் சொல்வதை ஜூரிகள் கேட்கக் கூடாது என்று நீதிபதி தடுத்துவிடுகிறார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் வயதில் மூத்தவரும், வாழ்நாள் முழுதும் அகிம்சை பேசியவருமான டேவிட் டெலிஞ்சர் பொறுமை இழந்து கத்துகிறார். மடக்க வந்த நீதிமன்றக் காவலரை ஓங்கிக் குத்துகிறார். எழுதி இயக்கிய ஆரன் சார்கின் வசனத்தில் கெட்டிக்காரர், இந்தக் காட்சியையும் விறுவிறுப்பாகவே எடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் குத்து நடக்கவே இல்லை. சினிமாவில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடலாம்தான். என்றாலும் அகிம்சை என்பது அடக்கி வைத்த கோபம்தானா, போதிய அளவு சீண்டினால் எந்த அகிம்சையாளரின் கையும் ஓங்கிவிடுமா என்ற பழைய கேள்விக்கு இந்தக் காட்சி சத்தமில்லாமல் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்தப் பதில் தவறு என்பதுதான் என் வாதம்.

வழக்கின் பின்னணி சுருக்கமாக. 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது வியட்நாம் போரை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்; போலீஸ் தடியால் அடித்து நொறுக்கியது. இதை விசாரித்து அதே ஆண்டு இறுதியில் வந்த வாக்கர் குழுவின் அறிக்கை, நடந்ததைப் போலீசாரின் கலவரம் என்றே எழுதியது. ஆனாலும் 1969 செப்டம்பரில் எட்டுப் போராட்டக்காரர்கள் நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் முன் நிறுத்தப்பட்டார்கள். கருஞ்சிறுத்தைக் கட்சியின் பாபி சீல் பின்னர் வழக்கிலிருந்து பிரிக்கப்பட, மிச்சம் ஏழு பேர். கலவரத்தைத் தூண்டும் நோக்கத்தோடு மாநில எல்லையைத் தாண்டி வந்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. இதில் ‘நோக்கம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். விசாரணைக்கு வந்தது கைகள் செய்த காரியம் மட்டுமல்ல, மனத்தில் என்ன இருந்தது என்பதும்தான். வாயில் சமாதானம் பேசுகிறார்கள், உள்ளே வன்முறைதான் இருக்கிறது என்பது அரசுத் தரப்பின் கதை. போராட்டக்காரர்களுக்குப் பரிந்து எடுத்த படமே டெலிஞ்சரின் கையில் ஒரு குத்தைக் கொடுக்கும்போது, அரசு வக்கீல்கள் நிரூபிக்கப் பாடுபட்ட ஒன்றைத் தானாக முன்வந்து ஒப்புக்கொள்கிறது.

டெலிஞ்சர் யார் என்று பார்த்தால் இதன் அபத்தம் புரியும். 1940-இல் அவர் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் மாணவர். சமயக் கல்வி பயில்பவர்களுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு இருந்தது. பெயரைப் பதிந்திருந்தால் போதும், நிம்மதியாகப் படித்திருக்கலாம். பதியவும் மறுத்தார். ஓராண்டும் ஒரு நாளும் சிறை. வெளியே வந்து, மறுபடி மறுத்து, மறுபடி சிறை. சிகாகோ நீதிமன்றத்திலும் அவர் நீதிபதியை ‘மிஸ்டர் ஹாஃப்மன்’ என்றே அழைத்தார். நான் நீதிபதி ஹாஃப்மன் என்று நீதிபதி திருத்தியபோது, தாம் சமத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர், அதனால் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பது என்று டெலிஞ்சர் விளக்கினார். நீதிபதிக்குக் கிடைக்காத மரியாதையை அவர் வேறு யாருக்கும் கூட்டிக் கொடுக்கவில்லை. 1969 அக்டோபர் 15, நாடு தழுவிய போர் எதிர்ப்பு நாளில், போரில் இறந்தவர்களின் பெயர்களை நீதிமன்றத்தில் வாசிக்க முனைந்ததும் அவர்தான். படமோ அந்த வாசிப்பைக் கடைசிக் காட்சிக்கு நகர்த்தி, ஏழு பேரில் இன்னொருவரான டாம் ஹேடன் வாயில் வைத்துவிட்டது. செய்ததைப் பறித்துக்கொண்டு, செய்யாததைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

படம் ஆவணம் அல்ல என்பார்கள். சரி. பெயர் வாசிப்பை இடம் மாற்றியதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். நாடகத்துக்கு ஓர் உச்சம் வேண்டும், காலவரிசை வளைந்து கொடுக்கலாம். ஆனால் ஒருவர் எந்த நிலைப்பாட்டுக்காக இரண்டு முறை சிறை போனாரோ, அதையே சில நொடிகளில் உடைத்துக் காட்டுவது காலவரிசை விஷயம் அல்ல. மனிதன்தானே, ஒரு கணம் தவறமாட்டானா என்றும் கேட்கலாம். தவறுவான். அந்தத் தவறு நடந்திருந்தால் அதைக் காட்டுவது நேர்மை. நடக்காததைக் காட்டிவிட்டு ‘மனித இயல்பு’ என்றால், அகிம்சையை மனித இயல்புக்குப் புறம்பானது என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டோம் என்று பொருள். வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரம், இன்னா செய்யாமைக்கு அடுத்த அதிகாரம் என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்தார். கோபம் வருவதும் பிறரை நோகச் செய்வதும் வேறு வேறு. முதலாவதில் சறுக்கியவராலும் இரண்டாவதில் உறுதியாக நிற்க முடியும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நீதிமன்றப் பதிவேட்டிலேயே இருக்கிறது. பாபி சீலைக் காவலர்கள் நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தபோது டெலிஞ்சர் அவர்களைத் தள்ளித் தடுக்க முயன்றார் என்று அரசு வக்கீல் ரிச்சர்டு ஷுல்ட்ஸ் பதிவுசெய்தார். 1970 பிப்ரவரி 4 அன்று, ஒரு போலீஸ் அதிகாரி தம்மைப் பற்றிச் சொன்ன சாட்சியத்தைக் கேட்டு டெலிஞ்சர் ஒரு கெட்ட வார்த்தையை உதிர்த்தார், ஜாமீன் ரத்தானது. 1922-இல் அகமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்டு முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, உச்ச தண்டனை கேட்டு நின்ற காந்தியோடு ஒப்பிட்டால் இது இறக்கம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் காந்தியை அந்த நீதிபதி முழு அறிக்கையும் வாசிக்கவிட்டார். சிகாகோவில் தன் வக்கீல் இல்லாமல் விசாரிக்காதே என்று கேட்ட கறுப்பினத்தவரான சீலின் வாயில் துணி திணித்து, நாற்காலியோடு கட்டிவைத்தார்கள். படத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தக் கொடுமை நிஜத்தில் நாள்கணக்கில் நீடித்தது. கட்டப்படும் ஒருவருக்கும் கட்டுபவர்களுக்கும் இடையே உடம்பைக் கொண்டுபோய் நுழைப்பது சத்தியாகிரகத்துக்கு அந்நியமானதல்ல. அடி விழும் இடத்துக்குத் தானாகப் போய் நிற்பதுதானே அதன் முறை? ஒரு வசைச்சொல்லை மட்டும் தவறு என்று எழுதிக்கொள்ளலாம். நாக்கு சறுக்கிய மனிதரின் கை சறுக்கவில்லை என்ற நிஜம், சார்கினின் குத்தைவிட நல்ல நாடகம். அதை ஏன் விட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

விசாரணை முடிவில் நீதிபதி ஹாஃப்மன் நீதிமன்ற அவமதிப்புக் கணக்கை ஒவ்வொன்றாக வாசித்தார். டெலிஞ்சருக்கு 32 குற்றங்கள், 29 மாதம் 16 நாள் தண்டனை. 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிறு முனகலைக்கூட விடாமல் குறித்துவைத்த அந்த நீதிபதியின் பட்டியலில், டெலிஞ்சர் யாரையும் குத்தியதாக ஒரு வரி கிடையாது.