நீ எந்த விடையைப் போட்டாய்?



க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் உயிரியல் முதலாம் வினாத்தாள் முடிந்து மணியும் அடித்தாயிற்று. இரண்டு மணித்தியாலத்தில் 50 வினாக்கள்; ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் நீங்கள் செய்யும் முதல் வேலை என்ன? பாடசாலை வாசலில் ஐந்தாறு பேராகக் கூடி நின்று, "நீ எந்த விடையைப் போட்டாய்?" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குகிறீர்கள். சுவாசப்பை நாடியில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த குருதி என்கிறான் ஒருவன். நாடி என்றால் ஒட்சிசன் நிறைந்த குருதிதானே என்று அவசரத்தில் எண்ணி, வேறு விடைக்குப் புள்ளடி இட்டுவிட்டு வந்த மற்றவனின் முகம் கறுத்துப்போகிறது.

இப்படி விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பாவமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். பிழையை அறிந்து திருத்திக்கொள்வதும் படிப்புத்தான். நான் கேட்க விரும்புவது வேறொன்று. நண்பனின் விடை பிழை என்று தெரிந்த அந்தக் கணத்தில் உன் வாய் "ஐயோ, பாவம்" என்றது. உன் உள்ளம் என்ன சொன்னது? அதன் ஒரு மூலையில், யாருக்கும் தெரியாமல், சின்னதொரு மகிழ்ச்சி எழுந்ததா?

590 முதல் 604 வரை திருச்சபையை ஆண்ட பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார், யோபு ஆகமத்துக்கு எழுதிய விளக்கவுரையில், பொறாமை பெற்றெடுக்கும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். பகையும் புறங்கூறலும் அவற்றுள் உண்டு. அயலானின் துன்பத்தில் மகிழ்தலும் உண்டு. பகையை நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறோம். புறங்கூறலையும் சொல்கிறோம். இந்த மகிழ்ச்சியை எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

"சுவாமி, எங்கள் நிலை உங்களுக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்லக்கூடும். தெரியும், பிள்ளைகளே. 1970களில் தரப்படுத்தல் என்ற சொல் எங்கள் வீடுகளுக்குள் புகுந்து எத்தனை இளைஞரின் கனவைக் கலைத்தது என்பதை உங்கள் பேரன் பேத்திமாரைக் கேட்டால் சொல்வார்கள். இன்று இருப்பது இசெட் புள்ளி. நீ பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோரதும் சராசரியைக் கழித்து, நியமவிலகலால் வகுக்கிறார்கள். ஆகவே நீ எவ்வளவு எடுத்தாய் என்பது மட்டுமல்ல, மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதும் உன் பெறுபேற்றுக்குள் கலந்துவிடுகிறது. மருத்துவபீட இடங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மாவட்ட அடிப்படையில் பகிரப்படுவதால், உன் பக்கத்து மேசையில் இருந்து எழுதிய தோழனே அந்த ஓர் இடத்துக்கு உன்னோடு போட்டியிடுபவனாகவும் ஆகிவிடுகிறான். இதை அறிந்த பிள்ளையிடம், "அவன் பிழை விட்டால் உனக்கு என்ன இலாபம்?" என்று கேட்பது வெறும் பேச்சு. இலாபம் இருக்கிறது. சோதனை என்ற சொல்லுக்கு எங்கள் மொழியில் இரண்டு பொருள் உண்டல்லவா? மண்டபத்துக்குள் எழுதியது ஒன்று. வாசலில் வந்து நிற்பது மற்றது.

யேசு உயிர்த்தெழுந்தபின் திபேரியாக் கடற்கரையில் இராயப்பரோடு நடந்து போகிறார். ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை அப்பொழுதுதான் அவருக்குக் கொடுத்திருக்கிறார். இராயப்பரோ திரும்பிப் பார்க்கிறார். பின்னால் அருளப்பர் வருகிறார். இவருடைய காரியம் என்னவாகும் என்று உடனே ஒரு கேள்வி! அது உனக்கு எதற்கு, நீ என்னைப் பின்தொடர்ந்து வா என்ற கருத்தில் ஆண்டவர் மறுமொழி சொன்னதாக அருளப்பர் தம் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். கடுமையான பதில்தான். ஆயினும் இராயப்பரை அது விடுவித்தது. இன்னொருவனின் கணக்கைச் சுமக்கும் வேலை அவருக்கு இல்லாமற் போயிற்று.

நீங்கள் கற்ற உயிரியல் என்ன சொல்கிறது? ஒரு விரலில் வெட்டுக்காயம் பட்டால் குருதிச் சிறுதட்டுக்கள் அங்கே வந்து சேர்ந்து குருதிப்பெருக்கை அடைக்கின்றன. மற்ற விரல்கள் தங்களுக்குப் பங்கு கூடிற்று என்று மகிழ்வதில்லை. திருச்சபையை உடலுக்கு ஒப்பிட்டுக் கொரிந்தியருக்கு எழுதியபோது சின்னப்பர் நுணுக்குக்காட்டியைக் கண்டவரல்லர், உண்மையைக் கண்டவர்.

பரீட்சை எழுதுவோரின் பாதுகாவலரான கூப்பெர்த்தினோ நகர்ப் புனித சூசை படிப்பில் மிகவும் பின்தங்கியவர். அவர் குருப்பட்டத்துக்கான பரீட்சைக்குப் போனபோது, முதலில் வினவப்பட்ட தோழர்கள் சிலர் மிக நன்றாக விடை சொன்னதால், மற்றவர்களும் அப்படியே இருப்பார்கள் என்று எண்ணிய ஆயர் எஞ்சியோரைக் கேளாமலே ஏற்றுக்கொண்டார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. 1628இல் அவர் குருவானார். பரீட்சைத் திணைக்களம் இப்படிச் செய்யாது, செய்யவும் கூடாது. ஆயினும் பரீட்சைக் காலத்தில் அவரை மன்றாடும் பிள்ளைகள் இதை மறக்கலாகாது: அவர் அன்று தேறியது தோழரின் சரியான விடைகளால்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். பிள்ளை படியேறு முன்பே, "எத்தனை சரி? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனையாம்?" என்று கேட்காதீர்கள். முதலிற் சோற்றைப் போடுங்கள்.

மாணவனே, முகம் கறுத்துப்போன அந்த நண்பன் இன்று பின்னேரம் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பான்? இரண்டாம் வினாத்தாளுக்கு இனித்தான் போக வேண்டும். கட்டுரை வினாக்கள் காத்திருக்கின்றன. எந்தப் பாடப்பகுதி அவனுக்கு விளங்கவில்லை என்பது ஆசிரியரைவிட உனக்கு நன்றாகத் தெரியும். உன் கொப்பியில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கொடுத்தால் உன் இடம் ஒருவேளை ஒன்று கீழே போகலாம் என்பதும் உனக்குத் தெரியும். சைக்கிளை எடு. கொப்பியையும் எடுத்துக்கொண்டு, இருட்டுமுன் அவன் வீட்டுக்குப் போ.