ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பது யார்?



பிரியமான தேவ ஜனமே! போன ஞாயிறு ஆராதனைக்கு வந்தீர்கள். கைதட்டிப் பாடினீர்கள். காணிக்கை போட்டீர்கள், செய்தி கேட்டீர்கள், ஆசீர்வாத ஜெபத்துக்குத் தலை குனிந்தீர்கள். ஆமென் சொன்ன கையோடு செருப்பைத் தேடிப் போய்விட்டீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன பாரத்தோடு வந்தார்? அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனாரா, அப்படியே சுமந்துகொண்டு போனாரா?

"ஆராதனையில எனக்கு ஒண்ணும் கிடைக்கல பாஸ்டர்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பாட்டு பழசு என்பார் ஒருவர், செய்தி நீளம் என்பார் இன்னொருவர். மைக் செட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. மாற்றலாம், தப்பில்லை. ஆனால் ஆராதனைக்கு ஜீவன் எங்கிருந்து வருகிறது என்பதை வேதத்தில் பார்ப்போம்.

அப்போஸ்தலர் 20ம் அதிகாரம், 7 முதல் 12 வரை வாசியுங்கள். துரோவா பட்டணம். வாரத்தின் முதல் நாள். சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியிருக்கிறார்கள். மறுநாள் பவுல் புறப்பட வேண்டும், ஆகவே நடுராத்திரி மட்டும் பேசுகிறார். மூன்றாம் மாடி, நிறைய விளக்குகள். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்திருந்து, தூங்கி, கீழே விழுந்து மரித்துப்போனான்.

இந்த வாலிபனைத் திட்டாத பிரசங்கியார் இல்லை! "பிரசங்கத்துல தூங்கினா இதுதான் கதி" என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். லூக்கா அப்படிச் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட அவனைக் குறை கூறவில்லை. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. கான்ஸ்டன்டைன் பேரரசன் கி.பி. 321ல் சட்டம் போட்ட பிறகுதான் அது ஓய்வு நாளானது. அதுவரைக்கும் உழைக்கிற ஜனங்கள் வேலைக்கு முன்னோ, வேலை முடிந்தோதான் கூடிவர முடியும். ஐத்திகு என்ன வேலை பார்த்தான் என்று வசனம் சொல்லவில்லை. ஆனால் நைட் ஷிப்ட் முடித்து, கண் எரிய எரிய நேரே சபைக்கு வருகிற தம்பிகளைப் பார்த்தவர்களுக்கு அவனைத் திட்ட மனசு வராது.

இன்னொரு காரியத்தைக் கவனியுங்கள். அன்றைக்குப் பவுல் என்ன பிரசங்கித்தார்? லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை! அப்போஸ்தலனாகிய பவுலின் செய்தி எழுதப்படவில்லை; தூங்கி விழுந்தவனுடைய பேர் எழுதப்பட்டிருக்கிறது. பிரசங்கம் நின்றது. பவுல் மூன்று மாடி இறங்கினார். அவன்மேல் விழுந்து அணைத்துக்கொண்டார். அவனுக்கு உயிர் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு மேலே ஏறி அப்பம் பிட்டு, விடியுமட்டும் பேசினார். அந்த ஆராதனை எப்படி முடிந்தது? பிள்ளையாண்டானை உயிரோடு கண்டு சபை மிகவும் ஆறுதல்பட்டது. அல்லேலூயா!

தேவ பிள்ளைகளே, ஐத்திகு விழுந்தபோது ஜனங்களுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் எடுத்தார்கள். நம்முடைய ஐத்திகுகள் விழும்போது சத்தமே கேட்கிறதில்லை. ஒரு வாரம் வரவில்லை. "ஊருக்குப் போயிருப்பாங்க." இரண்டு வாரம் வரவில்லை. "உடம்பு சரியில்லையோ என்னவோ." மூன்று மாசம் கழித்து, "அந்த சிஸ்டர் இப்ப வர்றதில்லையா?" என்று கேட்கிறோம். அவர்கள் பின்வரிசை ஜன்னலோரத்தில்தான் இருந்தார்கள். நம்முடைய கண் மேடையிலேயே இருந்தது.

ஆதித் திருச்சபை இதை மறக்கவில்லை. கி.பி. 155 வாக்கில் ரோமாபுரியில் நடந்த ஞாயிறு ஆராதனையை, பின்னாளில் இரத்தசாட்சியாய் மரித்த ஜஸ்டின் எழுதிவைத்திருக்கிறார். வேதவாசிப்பு, புத்திமதி, எல்லாரும் எழுந்து ஜெபம், அப்பமும் ரசமும். அதோடு முடியவில்லை. வரமுடியாதவர்களுக்கு உதவிக்காரர் அந்த அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

நம்முடைய பெந்தெகொஸ்தே எழுப்புதலைத்தான் பாருங்களேன். 1906ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணம், அசூசா தெரு. வில்லியம் சீமோர் என்ற கறுப்பின ஊழியர், முன்னாள் அடிமைகளின் மகன். பிரசங்க பீடம் என்ன? மரப்பெட்டிகள்! சுற்றிலும் பலகை போட்டு ஜனங்கள் உட்கார்ந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் ஜெபித்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொன்னார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் முழங்காலில் நின்றார்கள்.

1 கொரிந்தியர் 14:26ன்படி, கூடிவருகிற ஒவ்வொருவனிடத்திலும் ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். எல்லாம் பக்திவிருத்திக்கு ஏதுவாக நடக்கவேண்டும். வாங்குவதற்கு மாத்திரம் வந்தால் பாத்திரம் நிறையாது. கொடுக்க வருகிறவன் நிறைந்து போவான்.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று, சனிக்கிழமை ராத்திரி டி.வி.யை அணைத்துவிட்டு அரைமணி நேரம் ஜெபியுங்கள். இரண்டு நிமிஷம் சொல்ல ஒரு சாட்சியை, அல்லது ஒரு வசனத்தை ஆயத்தம்பண்ணி வாருங்கள்.

இரண்டு, ஆமென் சொன்னதும் ஓடாதீர்கள். பேர் தெரியாத ஒருவரிடம் போங்கள். "உங்களுக்காக என்ன ஜெபிக்கணும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அங்கேயே ஜெபியுங்கள்.

மூன்று, யார் வரவில்லை என்று பாருங்கள். புதன்கிழமைக்குள் அவர்கள் வீட்டு வாசலில் நில்லுங்கள். "ஏன் வரல?" என்று விசாரணை பண்ணாதீர்கள். "உங்களைத் தேடினோம்" என்று சொல்லுங்கள்.

ஊழியக்காரர்களே, நமக்கும் ஒரு வார்த்தை. செய்தியை நிறுத்திவிட்டு இறங்கிப்போக ஆயத்தமாய் இருப்போமாக. பவுலே இறங்கினார் என்றால் நாம் எம்மாத்திரம்?

பரலோக மேன்மையை விட்டு நமக்காக இறங்கிவந்த இயேசு, சபைக்கு வருகிற ஒருவரும் வெறுமையாய்த் திரும்பாதபடி நம்மை எடுத்துப் பயன்படுத்துவாராக. வருகிற ஞாயிறு உள்ளே நுழைந்ததும் முதலாவது ஜன்னலோரத்தைப் பாருங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.