கணக்குக் கேட்கும் உரிமை

பொதுப்பணத்தைக் காப்பவர் தம் கூலியைத் தாமே நிர்ணயித்துக்கொள்வது அறமாகுமா? அரசியலமைப்பின் 195ஆம் பிரிவு சட்டமன்ற உறுப்பினரின் ஊதியத்தைச் சட்டமன்றமே வகுத்துக்கொள்ள இடமளிக்கிறது. தமிழகத்தில் 2017ஆம் ஆண்டு அது 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. ஊதியமே தவறு என்று நாம் கூறவில்லை. ஊதியமின்றேல் ஏழை அவைக்குள் நுழைய இயலாது. அளவுகோல் யார் கையில் என்பதே நம் கேள்வி.

பிரித்தானியாவில் உறுப்பினர் பலர் வீட்டுச் செலவென்று பொதுப்பணத்தை முறைகேடாகப் பெற்றது 2009ஆம் ஆண்டு வெளிப்பட்டது. உடனே படிகளையும், பின்னர் ஊதியத்தையும் நிர்ணயிக்கும் பொறுப்பு தனித்த அமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தகைய அமைப்பு நமக்கும் வேண்டும்.

தேர்தல் செலவிலும் ஓட்டையுண்டு. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கான செலவு வரம்பு 2022ஆம் ஆண்டு 40 இலட்சம் ரூபாயாக்கப்பட்டது. கட்சிக்கோ வரம்பே இல்லை. இவ்வோட்டையையும் அடைத்தல் வேண்டும்.

ஆயினும் சட்டம் மட்டும் போதுமா? வாக்குக்குப் பணம் என்ற புகாரால் 2017இல் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் இரத்தாயின. வாங்க நீளும் கை இருப்பதாலன்றோ கொடுக்கும் கை துணிகிறது? வாக்கை விற்றவர், கணக்குக் கேட்கும் உரிமையையும் சேர்த்தே விற்றுவிடுகிறார். முதலில் வாங்க மறுப்போம். பின்னர் தலைநிமிர்ந்து கணக்குக் கேட்போம்.