எழுபத்து நாலரை: பிறர் கடிதமும் பாவமும்

நிர்மல் தே இயக்கி 1953-இல் வெளிவந்த வங்காளப் படம் ‘ஷாரே சுவாத்தர்’. உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் ஜோடியாக நடித்த முதல் படம் இது. தலைப்பின் பொருள் எழுபத்து நாலரை. பிறர் பிரிக்கக் கூடாத கடிதத்தின் மேல் வட இந்தியாவில் எழுதப்பட்டு வந்த எண் அது. 1568-இல் அக்பர் சித்தூரைப் பிடித்தபோது மாண்டவர்களின் பூணூல்கள் எழுபத்து நாலரை மணங்கு தேறினவாம். கடிதத்தைப் பிரிப்பவரை அத்தனை கொலைகளின் பாவமும் சேரும் என்பது ஐதீகம். நம்ப முடியாத கணக்குதான். ஆனால் அரக்கு முத்திரை செய்யாத வேலையை அச்சம் செய்தது.

படத்தில் கல்கத்தா மேன்ஷன் ஒன்றில் தங்கியிருக்கும் ராம்ப்ரீதியும் ரமலாவும் கடிதத்தில் காதலிக்கிறார்கள். அக்கடிதங்களில் ஒன்று விடுதி உரிமையாளர் ரஜனிபாபுவின் சட்டைப்பையிலிருந்து அவர் மனைவி கையில் சிக்குகிறது. கிழவருக்குக் கள்ளக்காதல் என்று வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. ரஜனிபாபுவாக வரும் துளசி சக்ரவர்த்தியின் திருதிரு விழிப்பில்தான் படத்தின் உயிர் இருக்கிறது; காதல் ஜோடி அதற்குப் பிறகுதான்.

இங்கே அறக்கேள்வி சிக்கலாகிறது. எழுபத்து நாலரையின் சாபம் அந்நியரைத் தடுக்கும். கணவன் சட்டைப்பையில் இருப்பதைப் படிக்கும் மனைவி அந்நியரா? அவள் பிரித்தது உரிமையால். ஏமாந்தது அரைகுறையாக அறிந்ததால். படம் அவளைப் பாவியாக்கவில்லை. அவள் அழுகையையும் கேலி செய்து, காதலர்களின் கல்யாணத்தில் முடித்துக்கொள்கிறது.