யார் செய்த பாவம்?



பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள் இயேசுவிடம் கேட்ட கேள்வி உங்களுக்குத் தெரியும். இவன் செய்த பாவமா, பெத்தவங்க செய்த பாவமா? இரண்டுமில்லை என்றார் ஆண்டவர். ஊனமாய்ப் பிறந்த பிள்ளையையோ கன்றுக்குட்டியையோ "சாபம்" என்று சொல்லும் வாயை அந்தப் பதில் அடைத்துப்போடுகிறது. ஆனால் ஒரு பிறவிக்குறையை மனுஷனே வேண்டுமென்று பெருக்கினால்?

வெள்ளைப்புலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனி இனமல்ல, வங்காளப்புலிதான். ஒரு மரபணுவில் உண்டான சிறிய மாற்றத்தால் செம்மஞ்சள் நிறம் வராமல் போகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி வெள்ளையாகும்.

1951-ல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் காட்டில் பிடித்த வெள்ளைக்குட்டிக்கு "மோகன்" என்று பேரிட்டார். சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது ஒரு குட்டியும் வெள்ளையாய்ப் பிறக்கவில்லை. பிறகு மோகனை அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958-ல் நாலு வெள்ளைக்குட்டிகள் பிறந்தன! அதில் மோகினி 1960-ல் அமெரிக்காவுக்கே போனது.

அழகுதான், மறுக்கவில்லை. அந்த அழகுக்கு விலை கொடுத்தது யார்? அநேக வெள்ளைப்புலிகளுக்கு மாறுகண். நிறமி குறைந்ததால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளே வழிமாறிப் போகின்றன. நெருங்கிய இரத்தத்திலேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால், மறைந்திருக்கும் வேறு குறைகளும் வெளிப்படும். குட்டிகள் இளசிலேயே செத்துப்போகும் ஆபத்தும் கூடும்.

"புலி இனத்தைக் காப்பாத்தத்தானே பிரதர் வளர்க்கிறாங்க?" என்பீர்கள். இல்லை. நிறத்துக்காகக் கூண்டுக்குள் பெருக்குவதால் காட்டுப்புலிக்கு ஒரு லாபமுமில்லை. அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளின் சங்கமே 2011-ல், இப்படி அபூர்வ நிறத்துக்காக இனப்பெருக்கம் செய்யவேண்டாம் என்று தன் அங்கத்தினர்களுக்குச் சொல்லிவிட்டது.

இப்போது சீஷர்களின் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். மோகன் வெள்ளையாய்ப் பிறந்தது யாருடைய பாவமுமல்ல. ஆனால் மகளைத் தகப்பனோடு சேர்த்தது மனுஷன் எடுத்த தீர்மானம். அதற்குப் பின்னால் நின்றது கண்களின் இச்சை. கூண்டுக்காரனை மட்டும் குற்றஞ்சாட்டித் தப்பிக்க முடியாது. பார்க்கக் கூட்டம் இருக்கிறவரைக்கும் பெருக்குகிறவன் பெருக்கிக்கொண்டுதான் இருப்பான்.

பிறந்துவிட்ட ஜீவனை வெறுக்கச் சொல்லவில்லை. சாகும்வரை அதை நன்றாய்ப் பராமரிக்கட்டும். நம் கண் குளிர்வதற்காக இன்னொன்று மாறுகண்ணோடு பிறக்கவேண்டாம். கூண்டுக்கு முன்னால் நின்று உங்கள் பிள்ளை, "இது எப்படிப்பா வெள்ளையாச்சு?" என்று கேட்டால், அதிசயம் என்று சொல்லி மழுப்பாதிருங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.