மையத்தின் பரப்பு

மன்ஹாட்டனின் நகர மையம் பெரிதா, டோக்கியோவினுடையதா என்று நண்பர்கள் இருவர் ஒரு மாலை முழுதும் சண்டையிட்டார்கள். கட்டிட உயரம், ரயில் நிலையம், வேலை பார்ப்போர் தொகை என்று ஆதாரங்கள் குவிந்தன. மையம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை மட்டும் இருவரும் தொடவில்லை.

லண்டனின் 'சிட்டி' 2.9 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் சுமார் 8,600 பேர். வேலை பார்ப்பவர்களோ 2023-இல் 6 லட்சத்துக்கும் மேல். இரவில் அது ஒரு பெரிய கிராமம், அவ்வளவுதான். எந்த நேரத்து லண்டனை டோக்கியோவோடு நிறுத்துப் பார்ப்பது?

1954-இல் மர்ஃபி, வான்ஸ் என்ற இரு புவியியல் அறிஞர்கள் ஒன்பது அமெரிக்க நகரங்களை வைத்து ஓர் அளவுகோல் செய்தார்கள். மனைவிலை உச்சமாக இருக்கும் நாற்சந்தியில் தொடங்கி, சுற்றியுள்ள ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த மாடியில் என்ன நடக்கிறது என்று குறித்தார்கள். மொத்தத் தளப்பரப்பில் பாதியாவது மையத்துக்குரிய காரியங்களுக்குப் பயன்பட வேண்டும். அந்தப் பாதியும் தரைத்தளப் பரப்புக்குக் குறையக்கூடாது. கடை, வங்கி, அலுவலகம் சேரும். வீடு சேராது. தேவாலயம், பள்ளிக்கூடம், தொழிற்சாலை, அரசாங்கக் கட்டிடம், காலிமனை சேராது.

பத்து வருஷமாக வங்கியில் கணக்குப் பார்ப்பவன் நான். எல்லா ஊருக்கும் ஒரே விதி இல்லாவிட்டால் ஒப்பீடே இல்லை என்பது எனக்குப் புரிகிறது. விதியில் வஞ்சகமும் இல்லை. ஆனாலும் கீழே வங்கி, மேலே குடித்தனம் என்றிருக்கும் கட்டிடத்தில் என் நாற்காலி மையம். மாடியில் குழந்தையைத் தூங்கவைப்பவள் மையம் அல்லாதவள். காகிதத்தில் இது வெறும் வகைப்பாடு. ஊரில்?

லாஸ் ஏஞ்சலஸில் பங்க்கர் ஹில் என்றொரு குன்று. பழைய மர வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டு, வயதானவர்களும் சொற்ப வருமானக்காரர்களும் வசித்த இடம். 1959-இல் மறுசீரமைப்புத் திட்டம் நிறைவேறியது. வீடுகள் போயின, குன்றின் தலையும் சீவப்பட்டது. பிற்பாடு அங்கே வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. மர்ஃபி - வான்ஸ் கணக்குப்படி பார்த்தால் நகர மையம் வளர்ந்திருக்கிறது. அளந்தவர்கள்தாம் இடித்தார்கள் என்பது அபாண்டம். ஆனால் வளர்ந்தது என்ற அந்தச் சொல்லில், வாடகை அறையைக் காலி செய்த கிழவர் எங்கே போனார் என்று எழுத ஒரு பத்தி கிடையாது. கணக்கில் வராதவருக்கு இழப்பும் கணக்கில் வருவதில்லை.

மறுபடி அந்த நண்பர்களைப் பார்த்தபோது, டோக்கியோவின் சியோதா வார்டில் இரவு தங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"அது எதற்கு?" என்றார் ஒருவர்.