இனங்காணுதல்

தமிழில் ‘இனங்காணுதல்’ என்றொரு சொல் உண்டு. ஒரு பொருளை இன்னதென்று பிரித்தறிவதை அது குறிக்கின்றது. தாவரவியல் மாணவனும் வான ஆராய்ச்சியாளனும் அதனைக் கூச்சமின்றிக் கையாள்வர். ஆயினும் நம் நாட்டில் அச்சொல்லின் முற்பாதி நம்மை ஒரு கணம் தயங்க வைக்கின்றது. இனத்தைக் கண்டு, அதனைக் கொண்டே மனிதனின் குற்றத்தையும் உரிமையையும் முடிவு கட்டிய வரலாறு நமக்குண்டு. ஆகவே, ஒன்றை இன்னதென்று கூறுவதற்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பது வெறும் தருக்க வினா அன்று; அறவினாவும் ஆகும். நம்மிடமிருந்து எட்டாத் தொலைவிலுள்ள பொருள்களை அறிவியல் எவ்வாறு இனங்காண்கின்றது என்று நோக்கினால், இவ்வினாவுக்கு ஓரளவு ஒளி கிடைக்கும்.

2008 ஜூன் மாதத்தில் ஃபெர்மி என்னும் செய்மதி விண்ணிற் செலுத்தப்பட்டது. ஒளியினங்களுள் மிகுந்த ஆற்றல் வாய்ந்த காமாக் கதிர்களை அது காண்கின்றது. அக்கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் அவற்றை நேரே காண விண்ணுக்குத்தான் செல்ல வேண்டும். 2020இல் வெளியான அதன் நான்காம் பட்டியலில் 5064 மூலங்கள் இடம்பெற்றன. ஆனால் காமாக் கதிர் வந்த திசையைச் செய்மதியால் மிகக் கூர்மையாகச் சொல்ல முடியாது. மங்கலான மூலமாயின், ஏறத்தாழப் பத்தில் ஒரு பாகை அளவான வட்டத்துக்குள் அது இருக்கக்கூடும் என்று மட்டுமே சொல்லலாம். அச்சிறு வட்டத்துக்குள்ளேயே எத்தனையோ விண்மீன்களும் விண்மீன் மண்டலங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் எது கதிரை வீசியது?

வட்டத்துக்குள் இருக்கின்றது என்பதற்காக எதனையும் சுட்டிவிட முடியாது. ஐயத்துக்குரிய ஒவ்வொன்றின் ஒளியையும் தொலைநோக்கியால் ஏந்தி, நிறம் நிறமாகப் பிரித்து, நிறமாலையாக விரித்துப் பார்க்க வேண்டும். ஐதரசன், கல்சியம், மகனீசியம் ஆகிய ஒவ்வொரு மூலகமும் அந்நிறமாலையிலே தனக்குரிய கோடுகளைப் பதிக்கின்றது. அக்கோடுகள் சிவப்புப் பக்கமாக எவ்வளவு நகர்ந்துள்ளன என்பதிலிருந்து பொருளின் தொலைவும் தெரியவரும். பெருங்கருந்துளையொன்று தன் தாரையை நம்மை நோக்கி வீசிக்கொண்டிருக்கும் மண்டலத்தைப் ‘பிளேசார்’ என்பர். ஃபெர்மி பட்டியலில் 3130க்கும் மேற்பட்டவை இவ்வகையினவே.

இவற்றுள் ஒன்று நம் தலைக்கு மேலேயே செல்கின்றது. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருந்தெருவில், அக்குறணைக்கு அப்பால் உள்ள ஊர் அலவத்துகொட. சித்திரைப் புத்தாண்டை அடுத்த இரவுகளில், நள்ளிரவுக்குச் சற்று முன்னர், அவ்வூரின் உச்சி வானுக்கு அருகாகக் கன்னி இராசியிலுள்ள 3சி 273 என்னும் பொருள் கடந்து போகின்றது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. 1962இல் சந்திரன் அதனை மறைத்த கணத்தைக் கணித்து, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியால் அதன் இடத்தைத் துல்லியமாக அறிந்தனர். மறு ஆண்டில் மார்ட்டின் ஷ்மிட் அதன் நிறமாலையை ஆராய்ந்து, ஐதரசன் கோடுகள் ஏறத்தாழ 16 வீதம் நகர்ந்திருப்பதைக் கண்டார். விண்மீன் போலத் தோற்றிய அது, ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியை நமக்கு அனுப்பிக் கொண்டிருந்தது!

எல்லாப் பிளேசார்களும் இவ்வாறு எளிதில் வாய்திறப்பதில்லை. பல்லி என்னும் விண்மீன் கூட்டத்தில் மங்கியும் ஒளிர்ந்தும் மாறும் ஒரு பொருளை 1929இல் குனோ ஹோஃப்மைஸ்டர் கண்டார். அது மாறும் விண்மீன் என்று கருதப்பட்டு ‘பிஎல் லாசெர்ட்டே’ என்று பெயரிடப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின், 1968இல், அது வானொலி அலைகளையும் வீசுகின்றது என்பது தெரியவந்தது. அதன் நிறமாலையிலோ கோடுகளே தென்படவில்லை. தாரையின் பேரொளி மற்றெல்லாவற்றையும் மூழ்கடித்திருந்தது. 1974இல் ஓக், கன் என்னும் இருவர், நடுவிலிருந்த பேரொளியை மறைத்துவிட்டு, அதனைச் சூழ்ந்த மங்கிய ஒளியை மாத்திரம் அளந்தனர். அப்பொழுதே அது தொலைதூர மண்டலமொன்றின் நடுப்பகுதி என்பது உறுதிப்பட்டது. கண்ணைப் பறிக்கும் ஒளி பல வேளைகளில் உண்மையை மறைக்கும் திரையாகவும் அமைகின்றது.

இத்தகைய ஆய்வில் நம் அயலவருக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலே, காவலூரில், 2.34 மீற்றர் தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது. லடாக்கின் ஹான்லேயில், 4500 மீற்றர் உயரத்தில், நிறமாலை எடுக்கும் 2 மீற்றர்த் தொலைநோக்கி ஒன்று உண்டு. காமாக் கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது எழும் மின்னொளியைக் காணும் 21 மீற்றர்க் கருவியொன்றும் 2024இல் அங்கே திறந்து வைக்கப்பட்டது.

இனி, ஃபெர்மி பட்டியலின் சொல்லாட்சியைக் கவனிப்போம். ‘தொடர்புடையது’ என்பது ஒன்று. ‘இனங்காணப்பட்டது’ என்பது வேறு. 5064 மூலங்களுள் இனங்காணப்பட்டவை என உறுதியாகச் சொல்லப்பட்டவை 358 மட்டுமே. 1336 மூலங்களுக்குப் பொருத்தமான இணை எதுவுமே கிடைக்கவில்லை. அப்படிக் கிடைக்காதவை பட்டியலிலிருந்து நீக்கப்படவும் இல்லை. பொய்ப்பெயர் சூட்டப்படவும் இல்லை.

இந்த நேர்மை மண்ணில் எங்கே? 2018 பெப்ரவரி இறுதியில் தெல்தெனியவில் முஸ்லிம்கள் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினர். மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்தார். குற்றம் புரிந்தோர் சிலர். ஆனால் திகனையிலும் தெல்தெனியவிலும், அலவத்துகொடவுக்கு அண்மித்த அக்குறணையிலும், அக்கொலையோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. வட்டத்துக்குள் இருந்தோர் அனைவரும் குற்றவாளிகள் என்பதே கும்பலின் தருக்கம். தொடர்பு என்று சொல்வதற்கும் தகுதியற்ற ஒன்றை அது இனங்காணுதல் ஆக்கிற்று.

கும்பல் அறியாமையால் செய்ததை அரசு சட்டத்தாலும் செய்யக்கூடும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனிடமும் அவன் தந்தை, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரிடம் அத்தகைய பத்திரம் இருக்கவில்லை. அவர்கள் நாடற்றவராயினர். வானியலில் சான்று தேடும் கடமை காண்பவனுடையது. இங்கோ அது காணப்படுபவனின் தலையில் ஏற்றப்பட்டது. அவ்வநீதியின் எச்சத்தை நீக்க 2003ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது.

“விண்மீன் காத்திருக்கும், சமுதாயம் காத்திருக்குமா?” என்று சிலர் கேட்கலாம். வினா நியாயமானதே. ஆனால் வானியலார் கைகட்டிக் காத்திருக்கவில்லை. எது கூடுதலாகப் பொருந்தக்கூடும் என்று கணிக்கின்றனர். கணிப்பைக் கணிப்பென்றே எழுதுகின்றனர். அடுத்த இரவில் மீண்டும் தொலைநோக்கியைத் திருப்புகின்றனர். செயல்படுவதற்குப் பொய்யான உறுதி தேவையில்லை. மேலும், பிளேசாரைத் தவறாகப் பெயரிட்டால் பட்டியலைத் திருத்தலாம். எரிந்த கடையையும் நாடிழந்த தலைமுறையையும் எந்தப் பட்டியலில் திருத்துவது? தவறின் விலை உயர உயர, நாம் கேட்கும் சான்றின் அளவும் உயர வேண்டும்.

வகுப்பறையில் நிறமாலையைக் கற்பிக்கும் ஆசிரியர் இப்பாடத்தையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். ‘இன்னும் இனங்காணப்படாதது’ என்று எழுத அஞ்சாத மாணவன், நாளை தெருவில் எவனோ ஒருவன் விரல் நீட்டும் திசையில் கல்லெறிய ஓடமாட்டான்; சான்று எங்கே என்று கேட்பான். அக்கேள்வியைக் கேட்கும் இளைஞர் கண்டி மலைநாட்டின் ஒவ்வோர் ஊரிலும், எல்லா மொழியினரிடையேயும் பெருக வேண்டும். அதற்கான பொறுப்பு நம்முடையது.